ஒரே டிக்கெட்டில் பதிவு செய்தும் விமானத்தில் இருக்கைகள் ஏன் பிரிந்துபோகின்றன?

டிக்கெட் உறுதி செய்வது பயணத்தைத்தான், இருக்கையை அல்ல. பணம் கட்டித் தேர்வு செய்யாதவர்களுக்கு, செக்-இன் செய்யும்போது மிச்சமிருப்பதை கணினி ஒதுக்கும். கூட்டமான விமானத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமான நடு இருக்கைகள். அதனால் ஆன்லைன் செக்-இன் திறந்ததுமே (பல நிறுவனங்களில் 24 அல்லது 48 மணி நேரம் முன்) முடித்துவிடுங்கள். தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஆறு எழுத்து பிஎன்ஆர் (முன்பதிவு) எண்களை விமான நிறுவனத்திடம் கொடுத்து முன்கூட்டியே இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சேர்ந்து போகிறவர்கள் என்பதே கணினிக்குத் தெரியாது.

பணம் கட்டிய இருக்கையும் மாறலாம். கடைசி நேரத்தில் வேறு வகை விமானம் வந்தால் இருக்கை வரைபடமே வேறு. எல்லோரையும் மென்பொருள் மறுபடி அடுக்கும். முந்தைய நாள் ஒருமுறை சரிபாருங்கள். மாறியிருந்தால், இருக்கைக்குக் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்க ரசீது வேண்டும்.

போர்டிங் பாஸில் இருக்கை எண்ணே இல்லையா? அளவுக்கு மீறி விற்றிருக்கலாம், அல்லது சில இருக்கைகளைக் கேட்டில் ஒதுக்க நிறுத்தி வைத்திருக்கலாம். போர்டிங் அறிவிப்புக்கு முன்பே கேட் ஊழியரிடம் போய்விடுங்கள். வரிசை நகரத் தொடங்கினால் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

உள்ளே போய் இடம் மாற்றிக் கேட்பதானால், உங்களுடைய நல்ல இருக்கையைக் கொடுத்து நடு இருக்கையை வாங்குங்கள். தலைகீழாகக் கேட்டால் யார் சம்மதிப்பார்?