காகிதப் பை கைப்பிடியில் கிழிகிறதா? நானோ இழை எங்கே உதவும்

கேள்வி: அலுவலகங்களில் கழித்த தாள்களை ஊறவைத்துக் கூழாக்கி, கையால் காகிதம் செய்து பை ஒட்டுகிறோம். கைப்பிடிக்குத் துளையிட்ட இடத்தில் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது. வாழைத்தண்டு நானோ இழை கலந்தால் பலம் கூடும் என்கிறார்கள். மிக்ஸியில் அரைத்தே எடுக்கலாமா?

பதில்: முதலில் கிழிந்த பை ஒன்றை எடுத்து, கிழிசலின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இழைகள் அறுபடாமல் மயிர்மயிராக நீட்டிக்கொண்டிருந்தால், அவை ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி விட்டுப்போயிருக்கிறது. நானோ இழையால் இதைச் சரிசெய்ய முடியும். மயிரே தெரியாமல் ஓரம் மொட்டையாக இருந்தால் உங்கள் கூழில் இழையே குட்டை, அல்லது நைந்துபோனது. அதற்கு இது மருந்தல்ல.

பிடி ஏன் விடுகிறது? காகிதம் ஒவ்வொரு முறை உலரும்போதும் இழையின் சுவரில் உள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. சுண்டைக்காய் வற்றலை எவ்வளவு ஊறவைத்தாலும் பச்சைக் காயாகாது அல்லவா, அதேபோல மறுசுழற்சி இழையும் பழையபடி உப்பி வளையாது. விறைப்பாகவே கிடப்பதால் பக்கத்து இழையோடு ஒட்டும் பரப்பு குறைகிறது. நானோ இழை என்பது 5 முதல் 50 நானோமீட்டர் பருமனே உள்ள (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) செல்லுலோஸ் இழை. இவை அந்த இடைவெளிகளில் புகுந்து, உலரும்போது பாலம் போட்டதுபோல் இறுகுகின்றன. இதனால் இழுத்தால் அறாமல் தாங்கும் இழுவலிமையும், அழுத்தினால் வெடிக்காமல் தாங்கும் வெடிப்பு வலிமையும் ஏறும். ஆனால் விழுந்த கிழிசல் மேலும் பரவாமல் தாங்கும் கிழிவு வலிமை பெரும்பாலும் ஏறாது, சில சமயம் இறங்கவும் செய்யும். விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. உங்கள் தொல்லையே கிழிசல்தான் என்பதால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே நீள இழையிலிருந்து தொடங்குங்கள். கூழில் ஐந்தில் ஒரு பங்கு திருப்பூர் வெள்ளை பனியன் வெட்டுத்துணிக் கூழோ, காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கழுவிய வாழைநார்க் கூழோ சேர்த்துப் பத்துத் தாள் போட்டுப் பாருங்கள். பிறகும் பிடி போதாவிட்டால் நானோவுக்கு வரலாம்.

சாதாரண மிக்ஸியில் கிடைப்பது பெரும்பாலும் வெட்டுப்பட்ட நாரும் தூளும்தான். உங்களிடம் பீட்டர் (உருளையால் கூழை அடித்து நசுக்கும் இயந்திரம்) இருந்தால், ஒருமுறையும் உலராத வாழைக்கூழில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, வெட்டாமல் நசுக்கும்படி உருளையை வைத்து, விரலில் எடுத்தால் வெண்டைக்காய்போல் வழுக்கும்வரை பல மணி நேரம் ஓட்டுங்கள். முழு நானோ ஆகாது, ஆனால் நல்ல ஒட்டுக்கூழ். ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். தடித்த நார் அடியில் படியும், நுண்ணியது மேகம்போல் மிதந்தபடி நிற்கும்.

வெளியிலிருந்து நானோ ஜெல் (நீரில் கலந்த நானோ இழை) வாங்கினால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 10 கிலோ உலர்கூழுக்கு 3 சதவீதம் என்றால் 300 கிராம். ஜெல்லில் திடப்பொருள் 2 சதவீதமே இருந்தால் 15 கிலோ ஜெல் வேண்டும்! மிச்சமெல்லாம் தண்ணீர், அதற்கும் லாரி வாடகை கொடுக்கிறீர்கள். செலவு மிச்சம் என்று அதை உலர்த்தி வைக்காதீர்கள். கட்டிதட்டிப் போனால் மறுபடி கரைவது கடினம்.

ஜெல்லை முதலில் நிறைய நீரில் நன்றாகக் கலக்கி, பிறகு கூழில் ஊற்றுங்கள். தண்ணீரில் கூழுக்கும் நானோ இழைக்கும் ஒரே எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் என்பதால் நுண்ணிழை கூழில் ஒட்டாமல் சல்லடை வழியே ஓடிவிடும். வேகவைத்து ஆறிய கேட்டயானிக் ஸ்டார்ச் (நேர் மின்னேற்றம் உள்ள மாவுச்சத்து), உலர்கூழில் 1 சதவீதம் அளவுக்குக் கடைசியில் சேர்த்தால் பிடித்து வைக்கும். சல்லடையில் நீர் வடிய முன்னைவிட நேரமாகும், தாளும் அதிகம் சுருங்கும். நன்றாக அழுத்தி நீரைப் பிழிந்த பிறகே காயப்போடுங்கள்.