32 வயசுல டெல்லி யூனிவர்சிட்டியா (டியூ)? தாராளமா போங்க

2010ல டெல்லி தமிழ் கல்விக் கழகத்தோட டிடிஇஏ ஸ்கூல்ல பன்னெண்டாவது முடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன், இப்ப 32 வயசுல டியூல எகனாமிக்ஸ் ஹானர்ஸ் கேட்டா சிரிப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க, 2022லேர்ந்து சீட் சியூஇடிங்கிற பொது நுழைவுத் தேர்வு மார்க்ல தான், அதுக்கு வயசு வரம்பே இல்ல, நடுவுல எத்தன வருஷம் கேப் விழுந்தாலும் டியூ தடுக்காது.

மாட்டுற இடம் வேற. எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்கு சியூஇடில மேத்ஸ் எழுதியே ஆகணும், அதுவும் நீங்க பன்னெண்டாவதுல படிச்ச சப்ஜெக்டா இருக்கணும். மொதல்ல பழைய மார்க்‌ஷீட்ட தேடி எடுங்க, மேத்ஸ் இல்லன்னா பொலிடிக்கல் சயின்ஸ் மாதிரி வேற கோர்ஸ யோசிங்க, இருந்தா இன்னைக்கே என்சிஇஆர்டி மேத்ஸ் பாடப் புக்க தூக்குங்க, இன்டக்ரேஷன் எல்லாம் சுத்தமா மறந்திருக்கும், எனக்கு கை பழகவே மூணு மாசம் ஆச்சு.

வேலைய விடாம ரெகுலர்ல படிக்கிறது கஷ்டங்க, அட்டண்டன்ஸ் மூணுல ரெண்டு பங்கு வேணும். டெல்லில இருக்கிற பொண்ணுங்களுக்கு டியூவோட என்சிவெப்னு ஒரு போர்டு இருக்கு, தினம் காலேஜ் போக வேணாம், வார கடைசில தான் கிளாஸ், ஆனா அங்க பிஏ ப்ரோக்ராமும் பிகாமும் மட்டும் தான்.

நான் சேரும்போது 34. மொத நாள் கேட்ல செக்யூரிட்டி என்ன பேரண்ட்ஸ் உக்கார்ற டென்ட்டுக்கு அனுப்பிட்டாரு, ஐடி கார்ட காட்டினதும் அவருக்கு ஒரே வெக்கம், அப்புறம் மூணு வருஷமும் தினம் ஒரு நமஸ்தே மேடம்.