அம்மம்மாவின் படத்தை ஏன் ஒட்டினீர்கள்?

அன்புள்ள ரீச்சர்,

நான் களுவாஞ்சிகுடி. கட்புலக்கலை படிக்கிறேன். அக்ரிலிக்கும் ஜெல்லும் வைத்துக் கலப்பு ஊடகத்தில் ஏதேதோ செய்து பார்க்கிறேன். கடைசியாக ஒரு ஹார்ட்போட்டில் அம்மம்மாவின் மருதமுனைச் சேலைத் துண்டு, வாவிக்கரை மணல், அவவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எல்லாவற்றையும் ஜெல் பூசி ஒட்டினேன். எங்களிடம் இருந்த ஒரே படம் அது. அதனால்தான் வேலைக்கு உயிர் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் மேலே தடிப்பாகப் பூசிய ஜெல் இரண்டு கிழமையாகியும் வெள்ளையாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்? ஜெல் விலையும் கட்டுபடியாகவில்லை. பைண்டர் கம் (கடையில் விற்கும் வெள்ளைப் பசை) பாவிக்கலாமா? இதெல்லாம் ஓவியமா என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பிள்ளை,

‘ஒரே படம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். கொஞ்சக் காலமாகவே இது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் யாரோ ஒருவருடைய கல்யாணப் படமோ அடையாள அட்டையோ ஜெல்லுக்குள் கிடக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

ஜெல் என்பது நிறமி சேர்க்காத அக்ரிலிக்தான். பிசின் துணிக்கைகள் தண்ணீரில் மிதக்கும்வரை பால் மாதிரி இருக்கும். தண்ணீர் போய், துணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து படலமான பிறகுதான் தெளியும். தடிப்பாகப் பூசினால் மேல்தோல் முந்திக் காய்ந்து உள்ளே இருக்கும் தண்ணீரை அடைத்துவிடும். மழைக்காலத்தில் மட்டக்களப்புக் காற்றே ஈரம், தண்ணீர் எங்கே போகும்? பொறுங்கள். மின்விசிறிக் காற்றுப் படட்டும், வெயிலில் வைக்காதீர்கள். இனிமேல் மெல்லிசாகப் பூசி, அது தெளிந்த பிறகு அடுத்ததைப் பூசுங்கள். மணலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துத்தான் ஒட்ட வேண்டும். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பைண்டர் கம்மில் பழகலாம், நிலைக்க வேண்டிய வேலைக்கு வேண்டாம். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும், வெளுக்கும், காலம் போக மஞ்சளாகும்.

ஓவியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். பிக்காசோ 1912இலேயே கன்வஸில் எண்ணெய்த்துணி ஒட்டி, சுற்றிவரக் கயிறும் கட்டிவிட்டார். ஆனால் அந்தத் துணியைக் கவனித்தீர்களா? அது பிரம்புப் பின்னல் அச்சடித்த துணி. நாற்காலியின் பிரம்பை அவர் பிய்த்து ஒட்டவில்லை, அச்சை ஒட்டினார். பார்ப்பவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்படியிருக்க, நீங்கள் ஏன் பிள்ளை அசலை ஒட்டினீர்கள்?

சேலைத் துண்டை ஒட்டியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மிச்சச் சேலை வீட்டில் இருக்கும். படம் அப்படியல்ல. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கிறது. ஜெல்லில் உள்ள தண்ணீர் பட்டாலே அது ஊதி இளகும். அக்ரிலிக் காய்ந்தால் தண்ணீரில் கரையாது. இரசாயனத்தால் இளக்கி எடுக்கப் போனால் படமும் சேர்ந்து கெட்டுவிடலாம். இதற்குத் திரும்பும் வழி இல்லை.

2004 டிசம்பர் கடைசியில், கடல் வந்துபோன பிறகு, மட்டக்களப்புக் கடற்கரையிலுள்ள நாவலடிச் சனம் தங்கியிருந்த முகாம் ஒன்றில் உதவிக்குப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா சேற்றுக்குள்ளிருந்து எடுத்த அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு படங்களைப் பிரிக்கப் பார்த்தா. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. “இழுக்காதீங்க அம்மா, தண்ணியிலே ஊறப் போடுவம்” என்று நாங்கள் சொல்லி வாய் மூடவில்லை, ஒன்றை இழுத்துவிட்டா. மகனின் முகம் படலமாக உரிந்து அடுத்த படத்தின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. கையில் மிஞ்சியது சட்டையும் கழுத்தும் வெள்ளைக் கடதாசியும். அவ அழவில்லை. அந்த முதுகுப் பக்கத்தை எங்களிடம் நீட்டி, “இதிலே இருக்கான், இதைக் கழட்டித் தாங்க” என்றா.

இந்த ஊரில் 1978 சூறாவளியில் படங்கள் போயின. யுத்தத்தில் வீடுகளோடு போயின. சுனாமியில் போயின. எத்தனை வீட்டுச் சுவரில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வேறு படம் இல்லாததால்தான் அது. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மார் தெருவில் ஏந்தி நிற்பதும் பெரும்பாலும் பிரதிதான். அசல் வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கலை படிக்காத அந்தத் தாய்மாருக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?

அசல் இருந்தால்தான் உயிர் வரும் என்பது வெறும் நம்பிக்கை. பிரதியை வைத்து ஜெல் என்ன செய்யும் என்று பாருங்கள். படத்தை ஸ்கேன் செய்து லேசர் பிறின்ட் எடுங்கள், போட்டோகொப்பியும் சரிதான். இங்க்ஜெட் வேண்டாம், ஊறிக் கலைந்துவிடும். பலகையில் ஜெல் பூசி, படத்தைக் குப்புற வைத்து, பழைய தொலைபேசி ரீலோட் அட்டையால் காற்றுக் குமிழ்களைத் தள்ளுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு ஈரப் பஞ்சால் முதுகை நனைத்து, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். கடதாசி திரிதிரியாக உருண்டு வரும். லேசர் பிறின்டின் மையான ரோனர் பிளாஸ்ரிக் தூள்தானே, அது மட்டும் ஜெல்லில் தங்கிவிடும். காயும்போது வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி மூடும், பயப்படாமல் இன்னொருமுறை நனைத்துத் தேயுங்கள். அதிகம் தேய்த்தால் கன்னம் போய்விடும். கடைசியில் மெல்லிசாக ஜெல் பூசினால் மிஞ்சிய நார் மறைந்து, கீழே இருக்கும் சேலையின் கோடு முகத்துக்குள்ளால் தெரியும். அசலை ஒட்டியிருந்தால் இது ஒருநாளும் வராது, அதன் தாள் ஒளியை விடாது. ஒன்று மட்டும் கவனம்: படம் இடம் வலம் மாறும். பிறின்ட் எடுக்கும்போதே திருப்பி எடுங்கள், இல்லாவிட்டால் அம்மம்மாவின் மூக்குத்தி மற்றப் பக்கம் போய்விடும்.

இப்போது ஒட்டிய படத்தைக் கழற்றப் போகாதீர்கள். ஜெல் முழுதாகத் தெளியட்டும். மேலே இனி ஒரு பூச்சும் வேண்டாம். காய்ந்த அக்ரிலிக்கும் நம் ஊர்ச் சூட்டில் மெதுமையாகத்தான் இருக்கும், அதனால் அந்தப் பலகையை வேறு எதோடும் முகம் படச் சாத்தி வைக்காதீர்கள். தெளிந்ததும் ஃபிளாஷ் போடாமல், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது நல்ல கமராவால் எடுத்து, அம்மாவின் சகோதரங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.

வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லையென்றால் இன்றைக்கே அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.