பீரோவில் தூங்கும் சிறுவர் கதையை எப்படி அச்சில் கொண்டுவருவது?

பாளையங்கோட்டையில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “2004-ல் தாமிரபரணி நீர்நாய்க்குட்டி பற்றி ஒரு சிறுவர் கதை எழுதினேன். ஒரு பதிப்பகம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு கடைசிவரை போடவே இல்லை. டிடிபி கடையில் அடித்துக் கொடுத்த சிடி மட்டும் இருக்கிறது, திறந்தால் ஒரே குப்பை எழுத்து. இனி நானே போடலாமா? ஆயிரம் பிரதி அடிக்கச் சொல்கிறார்கள்.”

தாராளமாகப் போடலாம் டீச்சர், ஆனால் ஆயிரம் வேண்டாம்.

முதலில் அந்தப் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும். எத்தனை வருடம் என்றே குறிப்பிடாமல் எழுதியிருந்தால் 5 வருடம்தான் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஏதும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அப்படி இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டு நகலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சிடி கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்து டிடிபி கடைகளில் பாமினி மாதிரி எழுத்துருவில் அடிப்பார்கள், அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு கொம்பும் காலும் பிரிந்து நிற்கிற இடங்களை வரிவரியாகப் பார்த்துத் திருத்தணும், சலிப்பான வேலைதான்.

அப்புறம் கதை. நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் குறுக்குத்துறைப் படித்துறை, மருதமரம், செவ்வானம் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் நீர்நாய் தலையை நீட்டுகிறது. மரத்தையும் வானத்தையும் ஓவியர் வரைந்துவிடுவாரே! ‘படித்துறைக்குப் பக்கத்தில் நேற்று இல்லாத ஒரு தலை தெரிந்தது’ என்று ஆரம்பித்தால் குழந்தை அடுத்த பக்கத்தைத் தானே புரட்டும். ஆனால் ஆச்சி சொல்லுகிற “எய்யா, தண்ணிக்குள்ள என்னமோ கெடக்குலா” என்பதை யார் திருத்தச் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெட்டிய பிரதியைத் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள் (பேரப்பிள்ளைகள் வேண்டாம், ஆச்சி மனசு நோகுமே என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்). எந்த இடத்தில் பிள்ளைகள் நெளிகிறார்களோ அங்கே இன்னும் வெட்ட வேண்டும்.

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்கணும். உங்கள் கதைக்கு உள்ளே 16 பக்கம், அட்டை தனி, அது போதும். ஓவியருக்குக் கதையோடு ஆற்றின் புகைப்படங்களையும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏதோ ஒரு நதிக்கரையில் பைன் மரம் நிற்கும். படங்களின் உரிமை யாருக்கு, மறுபதிப்புக்கு என்ன தொகை என்பதையெல்லாம் பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயிரம் என்று அச்சகத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மிஷினைத் தயார் செய்கிற செலவு நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், அதனால் ஆயிரம் அடித்தால் ஒரு பிரதியின் விலை நன்றாகக் குறையும். சிவகாசிக்குப் போனாலும் இதே கணக்குதான். ஆனால் விற்க ஆள் இல்லையென்றால் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேராக அடிக்கிற டிஜிட்டலில் நூறு அடியுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, போகிற வேகத்தைப் பார்த்து ஆஃப்செட்டுக்குப் போகலாம்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, தனிநபரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கென்று யாராவது பணம் கேட்டால் அது அவர்களுடைய கூலி. காசு முக்கியமில்லை, பிள்ளைகள் படித்தால் போதும் என்றால் சிறுவர் கதைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தருகிற பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் போடலாம். ஆனால் அங்கே திறந்த உரிமத்தில் கொடுக்கிற கதையை யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம், பிறகு திரும்பக் கேட்க முடியாது. பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்குத் தனி ஸ்டால் எடுக்கவெல்லாம் யோசிக்காதீர்கள், சிறுவர் நூல் விற்கிற ஒரு கடைக்காரரிடம் கமிஷனுக்கு இருபது பிரதி கொடுத்துப் பாருங்கள்.