தோளை விட்டு இறங்காத காக்கட்டீல் கிளி

உங்கள் காக்கட்டீல், அதாவது கொண்டை வைத்த சிறு கிளி, தோளில் ஏறிக் காதைக் கடிக்கிறது, கையை நீட்டினால் முதுகுப் பக்கம் ஓடுகிறது என்கிறீர்கள். துரத்திப் பிடிக்காதீர்கள், கையைக் கண்டாலே மிரளும். ஒரு குச்சியை அதன் கால்களுக்குச் சற்று மேலே வயிற்றில் மெதுவாக ஒட்டிப் பிடியுங்கள். குச்சியில் ஏறிய உடனே தினைக்கதிரை ஒருமுறை கொத்த விடுங்கள். தினம் இருமுறை ஐந்து நிமிடம் போதும்.

அது பழகும்வரை தோள் வேண்டாம். மணிக்கட்டை முழங்கையைவிட உயர்த்தியே வையுங்கள்; பறவை மேட்டைத்தான் நாடும், கையிலேயே நிற்கும். கடித்தால் கத்தாதீர்கள், அந்தச் சத்தமே அதற்குப் பரிசு. பேசாமல் நாற்காலி முதுகில் இறக்கிவிட்டுப் பத்து நொடி திரும்பி நில்லுங்கள். கூண்டில் அடைத்தால் கூண்டே தண்டனையாகிவிடும்.

சமையலறைக்குப் பயிற்சியெல்லாம் கிடையாது, கதவை மூடுங்கள். அதிகம் காய்ந்த நான்ஸ்டிக் சட்டியின் புகை நிமிடங்களில் பறவையின் உயிரைப் பறித்துவிடும்.