நூலக அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது மேற்கோள்களை எப்படிக் கொடுப்பது?

முதலில் எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மேற்கோள் முறையெல்லாம் அப்புறம்தான். சில இதழ்கள் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த மேற்கோள் முறையைக் கேட்கும், சில சிகாகோ முறையை. அந்த இதழின் ஆசிரியர் வழிகாட்டியில் இருப்பதே சட்டம்.

ஏ.பி.ஏ. என்றால் அதன் கையேட்டின் 2019இல் வந்த 7ஆம் பதிப்பைப் பாருங்கள். பழைய பழக்கத்தில் பதிப்பகத்தின் ஊர்ப் பெயரைப் பலர் இன்னும் எழுதுகிறார்கள். அது இப்போது தேவையில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரை என்றால், வரிக்குள் முதல் ஆசிரியர் பெயருடன் 'மற்றும் பிறர்' போதும். கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலிலோ 20 பேர் வரை அத்தனை பெயரும் வர வேண்டும்.

ஜோட்டெரோ போன்ற, மேற்கோள்களைச் சேகரித்துத் தரும் மென்பொருள் வேலையைக் குறைக்கும், சரி. ஆனால் அது இழுத்து வரும் தகவலைக் கண்மூடி நம்பாதீர்கள். சில சமயம் ஆங்கிலத் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் (கேபிட்டல்) வரும், பக்க எண் விடுபடும். ஒவ்வொரு டி.ஓ.ஐ. இணைப்பையும் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) சொடுக்கிப் பாருங்கள். நூலகத் துறைக்காரரே தவறான மேற்கோள் கொடுத்தால் மதிப்பாய்வாளர் சும்மா விடுவாரா!

எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாத, பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். "என் முந்தைய ஆய்வில்" என்ற ஒரு வரியும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது.