வன்கண்: இரக்கமின்மையா, உறுதியா?

அன்புள்ள ஐயா,

ஒரு கட்டுரையில் கடன் வசூல் அதிகாரி ஒருவரை ‘வன்கண்ணர்’ என்று எழுதினேன், இரக்கமில்லாதவர் என்ற பொருளில். ‘அமைச்சனுக்கு வேண்டியதென்று வள்ளுவர் முதலில் சொல்வதே வன்கண்தானே, அவரைப் புகழ்ந்துவிட்டாயே’ என்கிறார் நண்பர். எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியது சரி. நண்பர் சொல்லும் குறளும் (632) இருக்கிறது. அங்கே வன்கண் என்பது தளராத மனவுறுதி.

‘வன்கணவர்’ என்ற ஒரே சொல்லை இரண்டு குறள்களில் பாருங்கள். 775-இல், எறியும் வேலைக் கண்டு கண்ணிமைத்தாலே தோற்றோடியதாகக் கருதும் வீரர்கள் வன்கணவர். 228-இல், கொடுத்து மகிழத் தெரியாமல் பொருளைச் சேர்த்துவைத்து இழப்பவர்கள் வன்கணவர். கண் அசையாமல் நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். எதன் முன்னால் நிற்கிறது என்பதுதான் வேறு. வேலுக்கு முன்னால் என்றால் வீரம், இல்லாதவன் முகத்துக்கு முன்னால் என்றால் இரக்கமின்மை. தூதனுக்கு (689), படைக்கு (762, 764) வரும்போதெல்லாம் உறுதி. பொய்த்துறவிக்கும் (276), முகத்துக்கு நேரே பிரிவைச் சொல்லும் காதலனுக்கும் (1156) வரும்போது ஈரமின்மை.

இன்றைய உரைநடையில் உறுதி என்ற பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. உறுதியைச் சொல்ல ‘நெஞ்சுரம்’ போதும். வன்கண்ணர் என்றால் வாசகர் இரக்கமில்லாதவர் என்றே கொள்வார்.

இதைவிடப் பெரிய குழப்பம் வேறு. இச்சொல்லைக் கொடுமைக்கும் வன்மத்துக்கும் மாற்றாகப் போடுகிறார்கள். வன்மம் என்றால் உள்ளே பகை இருக்க வேண்டும். கொடுமை என்றால் துன்புறுத்தும் செயல் வேண்டும். 228-இன் ஆளுக்கு இரண்டும் இல்லை. அவன் யாரையும் அடிக்கவில்லை, கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் அதிகாரி நோயாளியின் வீட்டில் தவணை கேட்டுவிட்டு விதியை மட்டும் படித்துக் காட்டினால் அவர் வன்கண்ணர். மிரட்டினால் கொடியவர் என்றே எழுதுங்கள், மென்மையாக்க வேண்டாம். பேச்சுநடைக் கட்டுரை என்றால் ‘ஈவிரக்கம் இல்லாதவர்’ இயல்பாக விழும்.

எதிர்ச்சொல் கண்ணோட்டம், அதாவது இரக்கம்; குறளின் 58-ஆம் அதிகாரம். இதற்கு இன்று ‘பார்வைக்கோணம்’ என்ற பொருள் வந்துவிட்டதால் ‘கண்ணோட்டம் இல்லாதவர்’ என்று எழுதினால் கருத்தே இல்லாதவர் ஆகிவிடுவார். பரிவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் குறளுக்குள் தேடும்போது ‘வன்க’ என்று மட்டும் தட்டுங்கள். சீர் பிரித்த பதிப்புகளில் 228-உம் 775-உம் ‘வன்க ணவர்’ என்றுதான் இருக்கும். இடைவெளி ஓரெழுத்து முன்னே நகர்ந்து ‘வன் கணவர்’ ஆனால் அது வேறு வம்பு.